ரோட்டுக்கும் ஏலத்தோட்டத்து மண் ரோட்டுக்கும் சேத்து செகண்ட் ஹேண்ட்ல எந்த பைக் எடுக்கலாம்?

கம்பத்துல வீடு, கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம் பக்கம் தோட்டத்துக்கு வாரத்துல பாதி நாள் போகணும், கடைசி கொஞ்ச தூரம் கல்லும் மண்ணும், லீவு நாள்ல வீட்டுக்காரங்கள பின்னாடி உக்கார வெச்சு மூணாறு வரைக்கும் போகணும், உயரம் அஞ்சடி அஞ்சு இஞ்ச், பட்ஜெட் ஒன்றரை லட்சம், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனா ஹீரோ எக்ஸ்பல்ஸா கேடிஎம் 390 அட்வென்ச்சரான்னு கேட்டுருக்கீங்க. நான் போடிக்காரன், பூப்பாறை சாந்தன்பாறை பக்கம் தான் பொழப்பு, ரோடு கிட்டத்தட்ட உங்க ரோடு மாதிரியே தான், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுங்க. ஏன்னு சொல்றேன்.

தோட்டத்து ரோட்டுல ஜூன் ஜூலை மழைல ஜீப் ஏறி எறங்கி ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடுவுல செம்மண்ணு மேடா நிக்கும்ல, அந்த எடத்துல வண்டி சாஞ்சா தூக்கி நிறுத்த ஆள் வரமாட்டாங்க, நீங்க மட்டும் தான். பிஎஸ்6 (2020ல வந்த புகை விதி) ஹிமாலயன் 411 பெட்ரோலோட 199 கிலோ, எக்ஸ்பல்ஸ் 4வி 158 கிலோ. இந்த 40 கிலோ வித்தியாசம் ஷோரூம் வாசல்ல தெரியாது, சரிவுல மழைக்கோட்டோட நின்னு வண்டிய திருப்பும்போது தான் தெரியும். சீட் உயரம் பாத்தா ஹிமாலயன் 800 எம்எம், எக்ஸ்பல்ஸ் 825, உங்க உயரத்துக்கு ஹிமாலயன் தான் வசதின்னு தோணும், ஆனா ஒரு கால் மட்டும் ஊனி நிக்கிற எடத்துல அந்த 25 எம்எம்ம விட வெயிட் தான் ஆள சாய்க்கும். எதுக்கும் ரெண்டு வண்டிலயும் உக்காந்து பாருங்க, தட்டையான எடத்துல இல்ல, சரிவுல நிறுத்தி உக்காந்து பாருங்க.

ஹிமாலயன் மோசமான வண்டின்னு சொல்ல வரல, எனக்கு ரொம்ப புடிச்ச வண்டி அது. 32 என்எம் டார்க், அதான் இழுவை, இஞ்சின் மெதுவா சுத்தும்போதே கெடைக்கும், ஆள் வெச்சுக்கிட்டு போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல முன்னாடி ஜீப்பு திணறிக்கிட்டு போறப்ப கூட கியர மாத்தி மாத்தி சாகாம நிதானமா ஏறும், எக்ஸ்பல்ஸ அங்க முறுக்கி ஓட்டணும், அதோட டார்க் கிட்டத்தட்ட 17 தான். அதனால உங்க கணக்குல தோட்டத்து மண் ரோடு கம்மி, ஆள் வெச்சு தூரம் போறது ஜாஸ்தின்னா தாராளமா ஹிமாலயனுக்கு மாறிக்கலாம், 2020க்கு அப்பறம் வந்த பிஎஸ்6 வண்டியா பாருங்க, பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ்ஸ பின் வீலுக்கு மட்டும் ஆஃப் பண்ற சுவிட்ச் அதுல தான் உண்டு. மண் எறக்கத்துல பின் பிரேக் ஏபிஎஸ் விட்டு விட்டு புடிச்சா வண்டி நிக்காம போய்க்கிட்டே இருக்கும், 2018, 19 ஏபிஎஸ் வண்டில ஆஃப் பண்ண வழி இல்ல. 2016ல வந்த கார்புரேட்டர் மாடல் வெல கம்மியா வந்தாலும் வேண்டாம். எக்ஸ்பல்ஸ்ல முன் வீலுக்கு மட்டும் தான் ஏபிஎஸ், அதனால இந்த தொல்லையே கெடையாது.

390 அட்வென்ச்சர் ரோட்டுல ஓட்ட அருமையான வண்டி, ஆனா பழைய வண்டில பெரும்பாலும் சீட் 855 எம்எம், அலாய் வீல், இந்த பட்ஜெட்ல நல்ல கண்டிஷன்ல சிக்குறதும் கஷ்டம். விட்ருங்க. ஹிமாலயன் 450 வந்ததே 2023 கடைசில தான், வெல இன்னும் எறங்கல.

ஒரு விஷயம் கவனமா பாருங்க, எக்ஸ்பல்ஸ்னு போட்டு 200டி மாடல விப்பாங்க, அது ரோட்டு வண்டி, ரெண்டு பக்கமும் 17 இஞ்ச் அலாய். உங்களுக்கு வேண்டியது முன்னாடி 21, பின்னாடி 18 இஞ்ச் ஸ்போக் வீல் வண்டி.

எந்த மாடல்ங்கறத விட எந்த வண்டிங்கறது தான் முக்கியம், அதனால பாக்கப் போறப்ப அவசரப்படாதீங்க. முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லிட்டு போங்க, போனதும் மொதல்ல இஞ்சின்ல கை வெச்சு பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் காலைல வரேன்னு சொல்லிட்டு வந்துருங்க. குளுந்த வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகுது, நீலப் புகை வருதா, இஞ்சினுக்குள்ள இருக்குற டைமிங் செயின் சத்தம் கொஞ்ச நேரத்துல அடங்குதா, இதெல்லாம் அப்ப தான் தெரியும்.

அடுத்து கோன் செட், அதான் ஹாண்டில் திரும்புற எடத்துல இருக்குற பேரிங். மலை ரோட்டு வண்டில மொதல்ல போறது இது தான். ஹிமாலயன்ல சென்டர் ஸ்டாண்ட் இருக்கு, எக்ஸ்பல்ஸ்ல இல்ல, அதுக்கு அடில ஏதாவது முட்டு குடுத்து முன் வீல் தரைய விட்டு மேல வர மாதிரி தூக்குங்க. எங்க போடில மெக்கானிக் அண்ணன் ஒருத்தரு ஹாண்டில் பார் நுனில ஒரே ஒரு வெரல வெச்சு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு மெதுவா தள்ளுவாரு, நல்ல வண்டின்னா வழுக்கிக்கிட்டு போகும், போன வண்டின்னா நேர் வீல்ல வர்ற எடத்துல ஒரு சின்ன குழில விழுந்த மாதிரி தானா நின்னுக்கும், அதத் தாண்ட வெரல அழுத்தணும். அதுக்கு மேல முன் ஃபோர்க்க (முன் வீல புடிச்சிருக்குற ரெண்டு ஷாக் கொழாய) ரெண்டு கையால புடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டுவாரு, டொக்கு டொக்குன்னு கைக்கு வந்தா முடிஞ்சது. மாத்திக்கலாம், பெரிய செலவு இல்ல, ஆனா வெலய கொறைக்க வேண்டிய எடம் அது.

செயின பின் ஸ்ப்ராக்கெட்ல, அதான் பல் சக்கரத்துல இருந்து பின்பக்கமா இழுத்துப் பாருங்க, பல்லு பாதி வெளில தெரிஞ்சா செட்டா மாத்தணும். ஃபோர்க் ஆயில் கசியுதா, ஸ்போக்க ஸ்க்ரூடிரைவரால தட்டினா எல்லாம் ஒரே மாதிரி சத்தம் குடுக்குதா, ரிம் நெளிஞ்சிருக்கா பாருங்க. டயர் பக்கவாட்டுல கடைசில நாலு நம்பர் இருக்கும், 2322ன்னா 2022ம் வருசம் 23வது வாரம் செஞ்சது, ஓடோமீட்டர்ல கொஞ்ச தூரம் காட்டி டயர் மட்டும் புதுசா இருந்தா ஏன்னு கேளுங்க. அப்பறம் கீழ படுத்து ஃப்ரேம பாருங்க. அடில கல்லு ஒரசின கோடு இருந்தா பரவால்ல, வண்டி அதுக்கு தான இருக்கு, ஆனா வெல்டிங் வெச்ச எடமோ புதுசா பெயின்ட் அடிச்ச எடமோ கண்ணுல பட்டா பேச்ச நிறுத்திட்டு கெளம்புங்க.

ரெண்டு வண்டிலயும் டியூப் டயர் தான், பஞ்சர் கடைல எப்பவும் 21 இஞ்ச் டியூப் இருக்காது, ஒண்ணு வாங்கி பையில வெச்சுக்கங்க, அவசரத்துக்கு அத பின் வீல்ல போட்டுக்கூட மெதுவா ஊர் வந்து சேரலாம்.

மண் ரோட்டுல ஓட்டுற வண்டின்னதும் கொழுக்குமலை, குரங்கணின்னு எறங்கிராதீங்க. கொழுக்குமலைக்கு சூரியநெல்லில இருந்து ஜீப்பு தான், குரங்கணி காட்டுக்கு வனத்துறை அனுமதி வேணும், 2018 மார்ச் தீ விபத்துக்கு அப்பறம் கண்டிப்பு ஜாஸ்தி.

கடைசியா பேப்பர். நம்ம எல்லைல கேஎல் நம்பர் வண்டி கொஞ்சம் கம்மிக்கு கெடைக்கும், ஆனா அங்கருந்து ஃபார்ம் 28ல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி, தேனில வந்து வரி கட்டி, புது நம்பர் போடணும், 12 மாசத்துக்கு மேல அப்படியே ஓட்டக்கூடாது. அந்த வரியும் அலைச்சலும் சேத்து கணக்கு போட்டா பெரும்பாலும் நம்ம தேனி டிஎன் 60 வண்டியே மேல். பரிவாகன்ங்கற போக்குவரத்துத் துறை வெப்சைட்ல நம்பர் போட்டு ஃபைன் பாக்கி இருக்கா, லோன் இன்னும் ஆர்சில ஏறி நிக்குதா பாருங்க, லோன் இருந்தா அது முடிஞ்சதுன்னு பேங்க் குடுக்குற ஃபார்ம் 35 கைக்கு வராம முழுப் பணத்த குடுக்காதீங்க. பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல உங்க முன்னாடியே கையெழுத்து வாங்கிருங்க, வண்டி பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துருங்க.