வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயரில் உறுமல்

கேள்வி: 12ஏஎக்ஸ்7 வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்து, ஒலி சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயரை நானே கட்டினேன். வால்யூமை முழுசாகக் குறைத்தாலும் உறுமல் போகவில்லை. சாரல் தொடங்கியதிலிருந்து, வால்யூமைத் திருகினால் கரகரப்பும் சேர்ந்துவிட்டது. என்ன செய்ய?
- வாசகர், தென்காசி

பதில்: குறைத்தும் உறுமுகிறது என்றால், கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிந்திய பகுதியிலோ பவர் சப்ளையிலோதான்.

திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் அதன் இரு முனைகளுக்கிடையே மாட்டி வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் தளர்ந்திருக்கும். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் புதிது போடலாம். 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயர்கள்தான் காரணம். அந்த இரண்டு ஒயர்களையும் இறுக முறுக்கி, சேசிஸ் (உலோகப் பெட்டி) மூலையோடு ஒட்டி, வால்வுக்குச் சிக்னல் கொண்டுவரும் கிரிட் ஒயரைவிட்டு விலக்கிக் கொண்டுபோங்கள். ஹீட்டருக்கான 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குச் சென்டர் டேப் (நடு இணைப்பு) இல்லையா? ஹீட்டரின் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குக் கொடுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்! உறுமலை அடக்க மெயின்ஸ் எர்த்தை மட்டும் கழற்றவே கூடாது.

கரகரப்புக்கு, மின்சாரம் கொடுத்து, கையால் தொடாமல், வால்யூம் கன்ட்ரோலின் இரு ஓர முனைகளுக்கிடையே டிசி அளந்து பாருங்கள். வோல்டேஜ் காட்டினால், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது; மறுபடி பிளக்கைப் பிடுங்கி வடித்துவிட்டு, 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் மாற்றுங்கள். காட்டாவிட்டால் சாரல் ஈரமும் தூசியும்தான். அதேபோல் பிளக்கைப் பிடுங்கி வடித்துவிட்டு, கன்ட்ரோலுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை திருகி, நன்றாக உலர்ந்தபின் மின்சாரம் கொடுங்கள்.