முகத்துக்கு நேரே சொன்னால் உடம்பு குறையுமா?

கேள்வி: "என் அக்காவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு கூடிக்கொண்டே போகிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாலே வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னால்தான் உறைக்கும் என்கிறார் அம்மா. ஆராய்ச்சிகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?"

உறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி உறைத்ததால் உடம்பு குறைந்ததாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கூடுகிறது என்பதற்கே சான்றுகள் அதிகம். தில்லியில் ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருப்பதால் இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன்.

அமெரிக்காவில் சுடின், டெராசியானோ என்ற இரு ஆய்வாளர்கள், 50 வயதைக் கடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை பின்தொடர்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களுள், எடைக்காகப் பிறர் தம்மைத் தாழ்வாக நடத்துவதாகச் சொன்னவர்கள் அந்த நான்கு ஆண்டுகளில் பருமனானவர்களாக மாறும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. இனத்துக்காகவோ பாலினத்துக்காகவோ தாழ்த்தப்பட்டதாகச் சொன்னவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு பெரும்பாலும் தென்படவில்லை. இங்கிலாந்தில் 2014இல் வெளியான இதே போன்ற ஓர் ஆய்வில், எடைக்காகப் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள், அனுபவிக்காதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். இவை ஆட்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் என்பதால், அவமானம்தான் காரணம் என்று இவற்றை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்று யாராவது ஆட்சேபித்தால் அது நியாயமே. அதனால்தான் சோதனைமுறை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2011இல் ஷ்வே, பூல், பிரவுனெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பருமனானவர்களை இழிவாகக் காட்டும் காட்சிகளையும் மற்றதற்குச் சாதாரணக் காட்சிகளையும் போட்டுக்காட்டி, பிறகு நொறுக்குத் தீனியை முன்னே வைத்தார்கள். எடை கூடிய பெண்களில், இழிவுபடுத்தும் காட்சியைப் பார்த்தவர்கள் சாதாரணக் காட்சியைப் பார்த்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான கலோரிகளை உட்கொண்டார்கள். மன உளைச்சல் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தூண்டுகிறது. கார்டிசால் பசியையும் வயிற்றுப் பகுதிக் கொழுப்பையும் கூட்டக்கூடியது. எனவே உங்கள் அக்கா தட்டின் முன் கேட்கும் பேச்சு அவர் தட்டோடு நின்றுவிடுவதில்லை.

நடமாட்டமும் இதனால் குறைகிறது. மயூர் விஹாரிலிருந்து என்னிடம் வரும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், வீட்டுக்கு எதிரிலேயே பூங்கா இருந்தும், அங்கே உட்கார்ந்திருக்கும் பையன்களின் சிரிப்புக்குப் பயந்து இருட்டிய பிறகு மொட்டைமாடியில்தான் நடக்கிறார். தில்லியின் ஜனவரிக் குளிரில் அதுவும் நின்றுபோகிறது. "நடக்கவே மாட்டேங்கறா, சோம்பேறி" என்று அவருடைய மாமியார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் துறையினரும் இதற்கு விலக்கில்லை. உடற்பருமன் குறித்த ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த ஆய்வாளர்களையும் மருத்துவர்களையுமே சோதித்து 2003இல் ஒரு கட்டுரை வெளியானது. பருமனையே தொழிலாக ஆராயும் அவர்களிடமும், பருமனானவர் என்றதும் சோம்பலையும் மந்தபுத்தியையும் சேர்த்து நினைக்கும் போக்கு காணப்பட்டது. இங்கே அது எப்படி நடக்கும் என்பதை எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். எடை பார்க்கும் இயந்திரம் தாழ்வாரத்தில், வரிசையில் நிற்பவர்கள் கண்ணெதிரே இருக்கும், உதவியாளர் எண்ணைப் பார்த்து, பத்தடி தள்ளி உட்கார்ந்து எழுதுபவருக்குக் கேட்கும்படி "பச்சானவே!" என்று இந்தியில் கத்துவார், தொண்ணூற்றைந்து என்பது வரிசை முழுவதற்கும் தெரிந்துவிடும். அடுத்து ரத்த அழுத்தம். அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, பருமனான கைக்கு அகலமாக இருக்க வேண்டும். சிறிய பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். முழங்கால் வலி என்று வந்தாலும் சரி, தலைச்சுற்றல் என்று வந்தாலும் சரி, "முதலில் எடையைக் குறையுங்கள்" என்ற ஒரே வரியோடு அனுப்பப்படுபவர் அடுத்த முறை வருவதைத் தள்ளிப்போடுகிறார்; சர்க்கரையும் தைராய்டும் அந்த இடைவெளியில் முற்றிவிடுகின்றன.

பொதுமக்கள் மனப்பான்மை காலப்போக்கில் மாறியிருக்கிறதா என்றால், மற்றவற்றைவிட மெதுவாகத்தான். 1961இல் அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஆறு குழந்தைகளின் படங்களைக் காட்டி, யாரை அதிகம் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோல் வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கை இல்லாதவர், முகத்தில் குறை உள்ளவர் எல்லோருக்கும் கீழே பருமனான குழந்தை வந்தது. அதே படங்களை வைத்து மீண்டும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அதற்குள் பருமனான பிள்ளைகள் இரு மடங்குக்கும் மேல் பெருகியிருந்தும், வெறுப்பு குறையவில்லை, கூடியிருந்தது. சார்ல்ஸ்வொர்த், பானாஜி என்ற ஹார்வர்டு உளவியலாளர்கள் 2007 முதல் 2016 வரை இணையவழியே திரட்டிய 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்து 2019இல் எழுதியது இன்னும் துல்லியமானது: இனம், தோல் நிறம், பாலின ஈர்ப்பு ஆகியவை பற்றிய உள்மனச் சாய்வுகள் (நாம் அறியாமலே மனத்தில் இருக்கும் விருப்பு வெறுப்புகள்) குறைந்துவந்த அதே காலத்தில், உடல் எடை பற்றிய சாய்வு மட்டும் அதிகரித்திருந்தது.

மற்றவை குறைந்தபோது இது ஏன் குறையவில்லை? நிறத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், எடையை மட்டும் வாயைக் கட்டாததன் விளைவு என்றே நம்புகிறோம். டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டன்கார்டு வெளியிட்ட முடிவு இந்த நம்பிக்கைக்கு நேர் எதிரானது: அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்ததே தவிர, சோறூட்டி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. இருந்தும், பரம்பரை பற்றி எடுத்துச் சொல்வதால் மட்டும் வெறுப்பு போய்விடுவதில்லை. அப்படிப்பட்ட தகவலைப் படித்தவர்கள் பழி சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பிடிக்காமை அப்படியே இருக்கிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. என் கணிப்பில், விளக்கம் கொடுப்பதைவிட வாயை மூடிக்கொள்ளப் பழக்குவது வீடுகளில் விரைவாகப் பலன் தரும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணால் பார்த்து ஆரோக்கியத்தை எடைபோடுவது இந்திய உடல்களில் மிக மோசமாகத் தவறும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படத்தை 2004இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் ஒன்றே, 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உங்கள் அக்காவைச் சொல்லிக்காட்டும் ஒல்லியான உறவினர்களுள் எத்தனை பேர் தங்கள் சர்க்கரை அளவைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தில்லிப் பெண்களில் 41 சதவீதத்துக்கும், தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். ஐந்தில் இருவர் இருக்கும் நிலையைத் தனிமனித ஒழுக்கக்கேடாகப் பேசுவது கணக்குக்கே ஒத்துவராது.

சட்டமும் இங்கே துணைக்கு வரவில்லை. எடை கூடியதால் விமானப் பணியிலிருந்து தரையிறக்கப்பட்ட பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. நியூயார்க் நகரம் 2023இல் அப்படிச் சட்டம் இயற்றியது.

இதையெல்லாம் வைத்து எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல், மூட்டுத் தேய்மானம் எல்லாம் உண்மையானவை. கல்யாணத்துக்குப் பிறகு எடை கூடிய பெண்ணுக்குத் தைராய்டையும், சினைப்பை நீர்க்கட்டிகளையும், தூக்கத்தையும், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கனடாவின் 2020ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டுதல், எடையைப் பற்றிப் பேசலாமா என்று நோயாளியிடம் அனுமதி கேட்பதையே முதல் படியாக வைத்திருக்கிறது. மருத்துவரே கேட்க வேண்டிய அனுமதியை வீட்டிலிருப்பவர்களும் கேட்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, "டாக்டரைப் பார்க்கணும்னு உனக்குத் தோணுதா அக்கா, நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வருகிறேன் என்றால், எடையைத் தனியறையில் பார்க்கும் மருத்துவராகத் தேடிப் பிடியுங்கள். தில்லியிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.