தாத்தாவின் டி.சி. நிலம் பிறர் பெயரில் பட்டாவாக இருந்தால்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் தாத்தாவுக்கு அரசு கொடுத்த டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான) நிலத்தை, கடனுக்காகப் பட்டியல் சாதியைச் சேராத ஒருவருக்கு அவர் கிரயம் செய்துவிட்டார். இப்போது பட்டா வைத்திருப்பவர் சொத்துரிமை தனக்கே என்கிறார். பவர் எழுதிக் கொடுத்தால் மீட்டுத் தருவதாக ஒருவர் வருகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மீட்டுத் தருவதாகச் சொல்லி வாரிசுகள் அனைவரிடமும் பவர் வாங்கிக்கொண்டு, எதிர்த்தரப்பிடம் ஒரு தொகைக்குச் சமரசம் பேசி, உங்கள் பெயராலேயே உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும் தரகர்கள் இந்த நிலங்களைச் சுற்றியே திரிகிறார்கள்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையை ஒட்டி, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள் எனப்படும் இந்த டி.சி. நிலங்கள். டி.சி. நிபந்தனைப்படி பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடன் நெருக்கும்போது ஏழையிடம் விற்பதற்கு இருப்பது நிலம் மட்டுமே என்பதால் வைத்த காப்பு அது. சொந்த நிலமில்லாமல் கூலிக்கும் குடியிருக்கும் மனைக்கும் பண்ணையாரை நம்பியிருப்பவரால் ஊர்க் கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசவும் முடியாது, மனம்போல வாக்களிக்கவும் முடியாது.

சொத்துரிமை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், 300-அ பிரிவில் நிற்கிறது. அது மனித உரிமையே என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் நிபந்தனையோடு வந்த நிலத்தை நிபந்தனையை மீறி வாங்கியவருக்கு அந்தப் பிரிவு கேடயமாகாது. பட்டா மட்டுமே உரிமையை உண்டாக்கிவிடாது.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பட்டியல் சாதியினர் ஒருவருக்கு விற்றிருந்தால் அந்தக் கிரயம் செல்லும். இதைத் தெரிந்துகொண்டே, அத்தகைய ஒருவர் பெயரில் முதலில் வாங்கி, சில மாதங்களில் வேறு சமூகத்தவருக்கு மாற்றிவிடுவார்கள். முதல் கிரயம் சரியாக இருந்தாலும் இரண்டாவது கிரயம் நிபந்தனையை மீறியதே. ஆகவே வில்லங்கச் சான்றைக் கடைசிப் பத்திரத்தோடு நிறுத்தாமல், தாத்தாவின் காலம் வரை பின்னோக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்றைய கணினிச் சிட்டாவில் டி.சி. என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது. நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டில் (கிராமத்தின் நில விவரப் பதிவேட்டில்) தேடுங்கள். பதிவேடு கிழிந்துவிட்டது என்று கிராம நிர்வாக அலுவலரும், அவரிடமே கேளுங்கள் என்று வட்டாட்சியர் அலுவலகமும் மாறி மாறி அலைக்கழிப்பார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994இல் போராடியவர்களில் இருவர் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும், அரசே எழுதிவைத்த பதிவை ஏழை தன் கைக்காசைச் செலவழித்து நிரூபிக்க வேண்டியிருப்பது பெரும் அநியாயம். வாய்மொழியாகக் கேட்பதை விட்டு, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும்.

அந்த நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மீட்கப்படும் நிலம் முதலில் அரசின் கைக்கே போகும் என்பதால், மீட்பதோடு உங்கள் குடும்பத்துக்கே மறு ஒப்படை செய்யவும் அதே மனுவில் கேட்க மறவாதீர்கள்.