காரணம் சொல்லாமல் விலகி இருக்க முடியுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கைப்பேசியும் கேமராவும் நம் பழக்கவழக்கங்களை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றிக் கேள்விகள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். செய்தி அனுப்பும் செயலிகளை வடிவமைக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். இப்போது தனியுரிமை பற்றி எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் மெசேஜைப் படித்துவிட்டேன் என்று நீல டிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உடனே பதில் போடாவிட்டால் நண்பர்களுக்குக் கோபம். டிக்கை அணைத்து வைத்தால் 'எதையோ மறைக்கிறாய்' என்கிறார்கள். என்மேல் என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. முன்பெல்லாம் நம் எல்லாருக்கும் இருந்த ஒரு சின்ன மறைவிடம் இப்போது இல்லை, அவ்வளவுதான். கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் 'கைக்குக் கிடைக்கவில்லை போல' என்று நினைத்துக்கொள்வோம். வீட்டுத் தொலைபேசி அடித்து ஓய்ந்துவிட்டால் 'வெளியே போயிருப்பார்கள்' என்போம். உண்மையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேச மனமில்லாமல் இருந்திருக்கலாம். அது நமக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால் நம் மனமும் புண்படவில்லை, அவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்தது. பலர் எதிர்த்ததால் அதே மாதத்திலேயே அணைத்துவைக்கும் வசதியும் வரத் தொடங்கியது. ஆனால் நிபந்தனையோடு வந்தது. நீங்கள் அணைத்தால், மற்றவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குரூப்பில் அணைக்கவே முடியாது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. ஒரு வசதி முதலிலேயே இயங்கும் நிலையில் வந்தால், அதுவே மரியாதை என்று ஆகிவிடும். அதை அணைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். டிக் எல்லாருக்கும் அணைந்த நிலையில் வந்து, வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், போட்டவரைப் பார்த்துத்தான் 'உனக்கு ஏன் இது?' என்று கேட்டிருப்போம். தொடக்கத்தில் எதை இயக்கி அனுப்புவது என்பது சில நேரம் பத்து நிமிடப் பேச்சிலேயே முடிவாகிவிடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த முடிவு முகம் தெரியாத எத்தனையோ பேருடைய நட்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

உங்களுக்கு ஒரு யோசனை. டிக்கோடு போராடாமல், நெருங்கிய நாலைந்து பேரிடம் ஒரு தடவை நேரில் சொல்லுங்கள்: "நான் மெசேஜுக்கு ராத்திரிதான் பதில் போடுவேன். அவசரம் என்றால் கூப்பிடு." ஒரு முறை சொல்லிவிட்டால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசினால் தாங்க முடியவில்லை. ஆனால் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, பலருக்கும் இப்படித்தான். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கவனம் தேவைப்படும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சிலருக்கு இருவர் உரையாடலையும் சிலருக்கு ஒருவர் பேச்சை மட்டும் கேட்கவைத்தார்கள். பாதிப் பேச்சைக் கேட்டவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று மூளை தானாகவே ஊகித்துக்கொண்டிருக்கும். பாதி காணாமல் போனால் அந்த ஊகம் தொடர்ந்து தவறும். கவனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், முன்பின் தெரியாதவர்கள் பொது இடத்தில் ஒருவருக்கொருவர் தரும் மரியாதை ஒன்றைப் பற்றி 1960-களில் எழுதினார். நீங்கள் இருப்பதைக் கவனித்தேன், ஆனால் உங்கள் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று ஒரு பார்வையிலேயே தெரிவித்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வது. கண்டும் காணாமல் இருப்பது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். போனில் உரக்கப் பேசுபவர் தன் குடும்பச் சண்டையை நம் காதில் போட்டுவிட்டு, கேட்காதது போல் இருக்கும் வேலையையும் நமக்கே கொடுத்துவிடுகிறார். ஸ்பீக்கரில் போட்டால் மறுபக்கம் கேட்கும், உண்மைதான். ஆனால் மறுமுனையில் இருப்பவருக்குத் தன் பேச்சை ஊரே கேட்கிறது என்று தெரியாது. அதனால் அது இன்னும் மோசம்.

கேள்வி: ஆட்களோடு பேசப் பிடிக்காததால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டே போகிறேன். இது அகம்பாவமா?

இந்தக் கவலை முதலில் அதைத் தயாரித்தவர்களுக்கே வந்தது! சோனி 1979-இல் வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்ஃபோன்களைச் செருக இடம் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் குறைந்து, மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். தனியாகக் காதை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா தயங்கினார். ஆனால் வாங்கியவர்களுக்குத் தனியாகக் கேட்பதே பிடித்திருந்தது. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, அகம்பாவம் இல்லை. 'இப்போது பேச வேண்டாம்' என்பதை யாரையும் நோகடிக்காமல் சொல்ல ஹெட்ஃபோன் ஒரு நல்ல வழி. குறிப்பாகப் பெண்கள் பலர், பாட்டே ஓடாமல், தொந்தரவு வராமல் இருக்கட்டும் என்று மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். யாராவது வழி கேட்டால் ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: பொது இடத்தில் நடப்பதை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்தானே? வெளியே வந்த பிறகு என்ன தனியுரிமை?

இதை நான் ஏற்கவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கத் தொழிலதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மேனின் கோடாக் கேமரா 1888-இல் வந்தது. அதற்கு முன் படம் எடுக்க வேண்டுமென்றால் கனமான கருவிகள் வேண்டும், எதிரில் இருப்பவர் அசையாமல் நிற்கவும் வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுப்பது சுலபம் இல்லை. கையில் பிடிக்கும் கேமரா வந்ததும் அந்தச் சம்மதம் தேவையில்லாமல் போனது. இரண்டே வருடத்தில், 1890-இல், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் தனியுரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். உடனுக்குடன் எடுக்கும் புகைப்படங்களும் வம்பு பேசும் பத்திரிகைகளும் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டன என்பதுதான் அவர்கள் புகார். மனிதனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும் உரிமை என்ற கருத்து சட்டத்தில் வேர் பிடிக்க அந்தக் கட்டுரை பெரிய காரணம்.

வெளியே வந்தவர் பார்க்கப்படுவதற்குச் சம்மதித்துத்தான் வருகிறார். அங்கே இருந்த நாற்பது பேர் பார்ப்பார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். அந்த மறதியையும் சேர்த்துத்தான் அவர் சம்மதித்தார். படம் அந்த மறதியை எடுத்துவிடுகிறது. ஒரு மோசமான நாளில் ஒருவர் கடையில் கத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை முப்பது நொடி வீடியோவாக்கிப் பரப்பினால், அவருடைய பிள்ளை பெரியவனாகித் தேடினாலும் அதுதான் வந்து நிற்கும். ஸ்பெயின்காரர் ஒருவர் தன் பழைய கடனுக்காக வந்த ஏல அறிவிப்பு, கடன் தீர்ந்த பிறகும் தேடலில் வருகிறது என்று வழக்குப் போட்டார். 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சில சூழ்நிலைகளில் அப்படிப்பட்ட இணைப்புகளைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் நமக்கு அந்த மறதியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது.

அதிகாரத்தில் இருப்பவர் அத்துமீறும்போது படம் எடுப்பது வேறு விஷயம். அது சாட்சி. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தூங்கி வழியும் பயணியை, அழும் பெண்ணை, தடுமாறி விழுந்தவரை எடுத்துப் போடுவதில் எந்த சாட்சியும் இல்லை.

சில இடங்களில் கருவியே எச்சரிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் விற்கும் கைப்பேசிகளில் படம் எடுக்கும் சத்தத்தை வழக்கமான முறையில் அணைக்க முடியாது. திருட்டுத்தனமாகப் பெண்களைப் படம் எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஜப்பானில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, தயாரிப்பாளர்களே கடைப்பிடிக்கும் வழக்கம்.

கேள்வி: கல்லூரி மாணவி. அம்மாவும் அப்பாவும் லைவ் லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அணைத்தால் சண்டை. அவர்கள் பயமும் புரிகிறது.

அவர்கள் பயம் புரிகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம். எப்போதும் தெரிய வேண்டும் என்பதற்குப் பதிலாக, எப்போது தெரிந்தால் அவர்களுக்கு நிம்மதி என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இரவுப் பயணம், புது ஊர், தாமதமாகத் திரும்பும் நாள் என்றுதான் வரும். அந்த நேரங்களில் நீங்களாகவே ஒரு மணி நேரத்துக்குப் பகிருங்கள். கேட்காமலே கொடுத்தால் நம்பிக்கை வளரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் நூலகத்தில் இல்லாமல் பூங்காவில் இருந்ததற்கு ஏன் என்று விளக்கம் கேட்கத் தொடங்கினால், பாதுகாப்பு என்ற காரணம் அங்கே முடிந்துவிட்டது. அதை மெதுவாகச் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

இதே கேள்வியைக் காதலர் வற்புறுத்துவதாக இருவர் கேட்டிருந்தார்கள். அதற்கு என் பதில் கடுமையானது: அன்பை நிரூபிக்க லொகேஷன் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் யாராவது பையில், இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் போன்ற சின்னக் கருவியைப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிளும் கூகிளும் 2024 மே மாதத்திலிருந்து, தெரியாத கருவி ஒன்று உங்களோடு நகர்ந்தால் ஐஃபோன், ஆண்ட்ராய்டு என்ற இரண்டு வகைப் போன்களிலும் எச்சரிக்கை வரும்படி செய்திருக்கின்றன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கருவியைத் தூக்கி எறிவதற்கு முன் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அது ஆதாரம்.

கேள்வி: மேலாளர் இரவு பத்து மணிக்கு மெசேஜ் போடுகிறார். 'நாளைக்குப் பார்த்தால் போதும்' என்றும் எழுதுகிறார். ஆனாலும் தூக்கம் போய்விடுகிறது.

நாளைக்குப் பார்த்தால் போதும் என்றால் நாளைக்கே அனுப்பலாமே. நேரம் குறித்து அனுப்பும் வசதி பல மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

பிரான்ஸ் 2017-இலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தொடர்பு பற்றி ஊழியர்களோடு பேச்சு நடத்த வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலிருந்து, வேலை நேரம் முடிந்த பிறகு வரும் தொடர்பை, மறுப்பது நியாயமற்றது என்ற நிலை இல்லாதவரை, ஊழியர் மறுக்கலாம்.

கேள்வி: மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தெருவெல்லாம் கேமரா இருந்தால் எனக்கென்ன?

வீட்டில் திரைச்சீலை போட்டிருக்கிறீர்களா? உள்ளே குற்றம் எதுவும் நடப்பதில்லை, ஆனாலும் போடுகிறோம். கேமராவை நான் முழுக்க மறுக்கவில்லை. விபத்திலும் திருட்டிலும் அது உதவுகிறது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதோடு சேரும்போதுதான் விஷயம் மாறுகிறது. அப்போது ஒரு கூட்டத்துக்குப் போனவர் யார், ஒரு மருத்துவரிடம் போனவர் யார் என்று பெயரோடு பட்டியல் எடுக்கலாம். பட்டியல் உண்டு என்று தெரிந்தாலே சிலர் போக மாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ 2019-இல் நகர அரசுத் துறைகள் அந்த மென்பொருளைப் பயன்படுத்தத் தடை போட்டது. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பேச வேண்டிய ஒருவர் வராமல் போனால் நஷ்டம் உங்களுக்கும்தான்.

கேள்வி: எனக்கு வயது 74. எல்லாவற்றுக்கும் செயலி என்கிறார்கள். கை நடுங்குகிறது, எழுத்து தெரிவதில்லை. வங்கியில் கேட்டால் 'பேரனைச் செய்யச் சொல்லுங்கள்' என்கிறார்கள். நான்தான் காலத்தோடு மாறவில்லையா?

ஐயா, குறை உங்களிடம் இல்லை. ஒரு வசதி வரும்போது 'விருப்பம் இருந்தால்' என்றுதான் வருகிறது. முக்கால்வாசிப் பேர் அதற்கு மாறியதும் பழைய வழியை மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு விருப்பம் எங்கே இருக்கிறது? பேரனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். உங்கள் பணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் இருக்க நேற்றுவரை உங்களால் முடிந்தது.

ஸ்பெயினில் கார்லோஸ் சான் ஹுவான் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், வயது 78, நடுக்குவாத நோயாளி. வங்கிகள் வயதானவர்களை மனிதர் முகம் பார்க்காமல் இயந்திரத்துக்கு விரட்டுகின்றன என்று 2022-இல் இணையத்தில் ஒரு மனு தொடங்கினார். 6 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். சில வாரங்களில் வங்கிகள், கவுண்டர் நேரத்தை நீட்டிக்கவும் முதியோருக்கு முன்னுரிமை தரவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. ஒரு தனி மனிதர் கேட்டதால் நடந்தது அது.

அடுத்த முறை போகும்போது, "எனக்குச் செயலி வேண்டாம், நேரில் செய்ய என்ன வழி என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஏன் வேண்டாம் என்று அவர்கள் கேட்டால் கை நடுக்கத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட உங்களுக்கு இல்லை. வேண்டாம் என்பது போதும். பேரனைக் கூட்டிக்கொண்டு போவதானால், உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். பேசுவது நீங்களாக இருங்கள்.