வாந்திக்குக் கொடுத்த ஸ்டெமெட்டில் மனநோய் மருந்தாமே, சாப்பிடலாமா?

பல பேர் இதைத் தேடிப் பார்த்த கையோடு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை, விஷயம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

மனநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்று இணையத்தில் இருப்பது உண்மைதான். ஸ்டெமெட்டிலில் இருக்கும் புரோகுளோர்பெரசின் 1950களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். வாந்தியைத் தூண்டுவதிலும் அந்த டோபமைனுக்குப் பங்கு உண்டு என்பதால் குமட்டலும் அடங்குகிறது. காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்கும் இதே 5 மில்லிகிராம் மாத்திரைதான். மனநோய்க்கு என்றால் அளவு கூடும். இதைச் சாப்பிட்டு யாருக்கும் பைத்தியம் பிடிக்காது.

ஆனால் என் மகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு. வாந்தி நிற்கவில்லை என்று டவுன் கிளினிக்கில் ஊசி போட்டு இந்த மாத்திரையும் கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் மேலே செருகிவிட்டது, வாய் கோணி பேச்சு வரவில்லை. "செம்பனைக்குள்ள போனாளா? முனி அடிச்சிருக்கு" என்று என் அண்ணி பூசாரிக்குப் போன் போட்டார். நான் மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அவசரப் பிரிவில் பொட்டலத்தைப் பார்த்ததுமே இது அந்த மருந்தால் வந்த இழுப்பு என்று புரிந்துவிட்டது. ஒரே ஊசி, கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. சின்ன வயசுக்காரர்களுக்குத்தான் இந்த இழுப்பு அதிகம் வருமாம், அதுவும் மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில்.

அதோடு முடிந்ததா? "அவ மெண்டல் மருந்து சாப்பிடுறா" என்று பெண் கேட்டு வந்தவர்கள் காதுவரை போட்டுவிட்டார் அதே அண்ணி.  

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன சில நாளைக்குச் சாப்பிடுவது வேறு, மீந்ததை வைத்துக்கொண்டு தலைசுற்றும்போதெல்லாம் மாதக்கணக்கில் போடுவது வேறு. நீண்ட நாள் போட்டால் கை நடுங்கலாம். வாயும் நாக்கும் தானாக அசைய ஆரம்பித்து, சிலருக்கு அது நிற்காமலே போய்விடும். மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கு இந்த வகை மருந்தால் உயிராபத்து கூடுகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். காய்ச்சல் கடுமையாகி உடம்பு விறைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கம் வரும், அதனால் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், தண்ணியும் அடிக்காதீர்கள்.