எதிர்ப்பல் இல்லாததால் கீழிறங்கிய பல்லுக்கு என்ன சிகிச்சை?

கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துப் பல ஆண்டுகள் ஆன நிலையில், நேர் மேலே உள்ள பல் கீழிறங்கிவிட்டது, அதையும் பிடுங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை.

எதிர்ப்பல்லை இழந்த பல், பல வேளைகளில் தன்னைச் சுற்றியுள்ள எலும்பையும் ஈறையும் கூடவே இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் காலியிடத்தை நோக்கி இறங்குகிறது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். மிகச் சிறிதளவு என்றால் பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆனால் கடைவாய்ப் பல்லின் முகட்டில்கூட எனாமலின் தடிமன் ஏறத்தாழ 2.5 மி.மீ. தான், அதையும் தாண்டிக் குறைத்தால் பல் கூசும், உறை போட வேண்டிவரும், சில சமயம் வேர் சிகிச்சையும் சேர்ந்துகொள்ளும்.

நலமாக இருக்கும் பல்லை இப்படிக் குறைப்பதைவிட, கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமும் எலும்பில் சிறு திருகுகளைப் பதித்து, அவற்றிலிருந்து ரப்பர் சங்கிலியை மாட்டி, மெல்லிய விசையால் பல்லை மேலேற்றுவதே மேல் என்பது என் கருத்து. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். கீழ் ஈறைக் கடிக்கும் ஞானப்பல்லாக இருந்தால் மட்டும் பிடுங்குவதே எளிது.

பல்லைக் காப்பாற்றும் எந்த வழியிலும், கீழே இம்பிளான்ட், பிரிட்ஜ் போன்ற செயற்கைப் பல்லைப் பொருத்தாமல் விட்டால் மேல்பல் மீண்டும் இறங்கக்கூடும்.