நடை சாத்தின நேரத்தில் எங்கே போவது? கும்பகோணம் கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். இப்போது வண்டி மகன் கையில். ஊருக்கு வர இருப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணே, ரெண்டு நாளில் 14 கோயில்னு லிஸ்ட் போட்டிருக்கோம். முடியுமா?

முடியும் தம்பி. செருப்பைக் கழற்றி மாட்டவே நேரம் சரியாக இருக்கும், சாமியைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். ஆகக் காலையில் ஐந்து மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். அதற்குள் எது அடங்குமோ அதுதான் லிஸ்ட்.

முதல் நாள் காலை வண்டியே வேண்டாம், ஊருக்குள் நடங்கள். கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி கோயில், நாகேஸ்வரன் எல்லாம் நடை தூரம். இரண்டைக் குறைத்துக்கொண்டாலும் சாரங்கபாணியை விடாதீர்கள். பதினொரு நிலை ராஜகோபுரத்தை வெளியில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே கருவறையே தேர், சக்கரமும் குதிரையும் யானையும் கல்லில். உள்ளே போக இரண்டு வாசல்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். கோமளவல்லித் தாயாரைச் சேவித்த பிறகுதான் பெருமாளிடம் போவது வழக்கம்.

சென்னையிலிருந்து: எட்டு வயசு, பதினோரு வயசு ரெண்டு வாண்டுகள். கோயில்னாலே ஓடுதுங்க. என்ன செய்ய?

தாராசுரம் கூட்டிப் போங்கள் அம்மா, டவுனிலிருந்து மூணு, நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். ஒரு தலைக்கு இரண்டு உடம்பு இருக்கிற சிற்பத்தைக் கண்டுபிடி என்று விடுங்கள். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. என் வண்டியில் வந்த பையன் ஒருவன் அரை மணி நேரம் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், அப்பாதான் வெயிலில் வதங்கிப்போனார்.

அப்புறம் கருவறைச் சுவரின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். அறுபத்துமூவர் கதை சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களாக வரிசையாக ஓடும். முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கிற சுந்தரர் கதையும் அதில் உண்டு. பெரியவர்கள் நின்றபடியே போய்விடுவார்கள். பிள்ளைகள் உயரத்துக்குத்தான் அது சரியாக இருக்கும்.

மதுரையிலிருந்து: பன்னிரண்டு முதல் நாலு வரை ரூமில் தூங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அந்த நாலு மணி நேரம்தான் கைவேலைக்கு. சுவாமிமலைக்குப் போங்கள், சிலை வார்க்கிற பட்டறைகள் இருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வார்கள், விரல் நகம் வரைக்கும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து அப்பிக் காய வைத்து, சூடுபடுத்தினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. ஆறினதும் மண்கூட்டை உடைத்தால் சிலை. கூடு உடைந்தாயிற்று, மெழுகும் போயிற்று, ஆகவே அதே அச்சில் இன்னொன்று வராது. ஒரு ஸ்தபதி உளியால் புருவத்தைச் சீவிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு, ஊதித் தள்ளல், மறுபடி ஒரு இழுப்பு. நான் இருந்த முக்கால் மணி நேரமும் அந்த ஒரு புருவம்தான்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. எடைக்குத்தான் விலை. வாங்குமுன் அடிப்பாகம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாவற்றையும் கழற்றி நீங்களே மாட்டிப் பாருங்கள். மரை சிக்காமல் சுற்றினால் நல்ல வேலை. பட்டு என்றால் திருபுவனம்.

சேலத்திலிருந்து: அம்மாவுக்கு 72 வயது, முட்டிவலி. சுவாமிமலை ஏற முடியுமா?

தமிழ் வருஷங்கள் அறுபதின் பேரில் அறுபது படி. நிதானமாக ஏறுகிறவர்கள் உண்டு. முடியாவிட்டால் கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னதி இருக்கிறது, அங்கே உட்காரட்டும். வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: நவக்கிரகம் ஒன்பதும் ஒரே நாளில்?

அரசு பஸ்ஸே அப்படி ஓடுகிறது, விடியற்காலையில் ஏறினால் ராத்திரி இறக்கிவிடும். வேண்டுதல் என்றால் போய் வாருங்கள். ஆனால் மேற்கே திங்களூர், கிழக்கே திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், அவற்றுக்கும் தெற்கே காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. முக்கால்வாசி நேரம் ஜன்னல் சீட்டில்தான். இரண்டு நாளாகப் பிரித்தால் திருநாகேஸ்வரம் போகிற கையோடு உப்பிலியப்பனையும் சேவித்து, உப்பில்லாத பிரசாதம் சாப்பிட்டு வரலாம்.

பெங்களூரிலிருந்து: தஞ்சாவூர் பெரிய கோயில் பார்த்தாச்சு. கங்கைகொண்ட சோழபுரம் வேறயா போகணுமா?

கட்டாயம். அப்பன் முதலாம் ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டியதைவிட மகன் ராஜேந்திரன் இங்கே கட்டிய விமானம், அதாவது கருவறைக் கோபுரம், உயரம் குறைவு. தஞ்சாவூரில் கோடு நேராக ஏறும், இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். வடக்கு வாசல் படிப் பக்கம் அடியார் சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே தலையில் பூமாலை சுற்றுகிற சிற்பம். அதற்காக மட்டுமே போகலாம். சுமார் 35 கிலோமீட்டர், கொள்ளிடம் தாண்ட வேண்டும். ஒரு தடவை ஒரு குடும்பத்தை டீக்கடை டீக்கடையாக நிறுத்திக் கூட்டிப்போய், நடை சாத்துகிற சமயத்தில் இறக்கினேன். பன்னிரண்டு பேரும் நாலு மணி வரை மர நிழலில். அந்தப் பாட்டி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஏழு மணிக்கே கிளம்புங்கள்.

கோவையிலிருந்து: எந்த மாசம் வரலாம்? மகாமகம் எப்போ?

மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு முறை. போனது 2016 பிப்ரவரியில், அடுத்தது 2028. கூட்டம் பிடிக்காதவர்கள் மற்ற வருஷ மாசிமகத்துக்கு வரலாம். என்னைக் கேட்டால் ஆடிப்பெருக்கு. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்த வருஷமாக இருக்க வேண்டும், அது முக்கியம். படித்துறையில் காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. தெருவில் பொடிசுகள் சின்னச் சப்பரத்தைக் கயிறு கட்டி இழுத்துப் போகும். சித்திரையில் வந்தால் ஆறு மணல்தான்.

திண்டுக்கல்லிலிருந்து: ஒரிஜினல் டிகிரி காபி எந்தக் கடையில்?

பைபாஸில் பித்தளை டவராவைப் போர்டில் வரைந்து வைத்த கடையெல்லாம் ஒரிஜினல்தான் என்பார்கள்! கடை பேர் சொன்னால் ஊருக்குள் சண்டை வரும். டிகாஷனை உங்கள் கண்ணெதிரில் ஊற்றிப் பாலைச் சேர்க்கிறார்களா, அதைப் பாருங்கள். கூடவே இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்று கேளுங்கள்: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பும் தேங்காயும் அரைத்து விட்டது. எல்லா நாளும் கிடைக்காது. இருக்கு என்று சொன்னால் சாம்பாரை மறந்துவிடுங்கள்.